முத்திரை இருந்தும் ஆட்டோ மீட்டர் கூடுதலாகக் காட்டுவது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சென்னையில் மீட்டர் போட்டு வந்த ஆட்டோவில் போயிருக்கிறீர்கள். இறங்கும்போது மீட்டர் 8.1 கிலோமீட்டர் காட்டியது, கையிலிருந்த ஃபோன் 7.6 என்றது. மீட்டரில் ஈய முத்திரை அறுபடாமல் இருந்தது. அப்படியானால் அது சூடு வைத்த மீட்டரா, அதாவது கூடுதலாகக் காட்டும்படி யாரோ திருத்திய மீட்டரா, முத்திரை இருந்தும் அது எப்படிச் சாத்தியம், இதை யாரிடம் சொல்வது? இந்த மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் தொடங்குகிறது. மீட்டர் எதை அளக்கிறது, முத்திரை எதற்கு உத்தரவாதம் தருகிறது என்று தெரிந்துவிட்டால் மற்றது தானே விளங்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த அரை கிலோமீட்டர் வித்தியாசத்தை மட்டும் வைத்து அந்த ஓட்டுநர் மேல் பழி போட முடியாது. அவர் மீட்டர் சரியாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது.

முதலில் பணக்கணக்கு. 2013 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாடு அரசு சென்னைக்கு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், காத்திருப்புக்கு 5 நிமிடத்துக்கு 3 ரூபாய் 50 காசு, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. இந்தக் கணக்கில் 8.1 கிலோமீட்டருக்கு 100 ரூபாய் 60 காசு, 7.6 கிலோமீட்டருக்கு 94 ரூபாய் 60 காசு. உங்களுக்கு வந்த வித்தியாசம் 6 ரூபாய். ஒரு சவாரியில் இது சின்னத் தொகைதான். ஆனால் ஒரு வண்டி நாளெல்லாம் இப்படிக் கூட்டிக் காட்டினால் ஏறுகிற ஒவ்வொருவரும் அந்தப் பங்கைக் கொடுக்கிறார்கள். அதனால் இது கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆட்டோ மீட்டர் சாலையை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். பழைய கொடி மீட்டரில் முன்சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் மேலே வந்து பற்சக்கரங்களைச் சுற்றும். இப்போதைய டிஜிட்டல் மீட்டரில், வண்டியின் மாடலைப் பொறுத்து சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ ஒரு சென்சார் இருக்கும். அது ஒவ்வொரு சுற்றுக்கும் சில மின்துடிப்புகளை அனுப்பும். இத்தனை துடிப்பு வந்தால் ஒரு கிலோமீட்டர் என்று மீட்டருக்குள் ஓர் எண் பதிந்திருக்கும். மொத்த விவகாரமும் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 4.00-8 அளவுள்ள ஆட்டோ டயர் ஒன்றின் விட்டம் சுமார் 41 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றில் அது கடப்பது சுமார் 1.29 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 776 சுற்று. சுற்றுக்கு 4 துடிப்பு என்றால் 3,104 துடிப்பு. மீட்டரில் இந்த எண் பதிந்திருக்கும்வரை கணக்கு சரி. இப்போது டயர் தேய்கிறது. சுற்றிலும் 5 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் போய்விடும். 40 சென்டிமீட்டர் டயர் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 796 முறை சுற்ற வேண்டும். மீட்டரோ 776-லேயே ஒரு கிலோமீட்டர் என்று எண்ணிவிடும். யாரும் எதையும் தொடாமலே மீட்டர் இரண்டரை சதவீதம் வேகமாகிவிட்டது. காற்று குறைந்திருந்தால் டயர் அமுங்கி இன்னும் கொஞ்சம் கூடும். பின்னால் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தாலும் சக்கரம் அமுங்குகிற அளவுக்குக் கூடும். ஆக, வழுக்கை டயரில் காற்றும் கம்மியாக ஓடுகிற வண்டியில் பயணிக்கு நஷ்டம். டயரைப் புதிதாக மாற்றிய அன்று ஓட்டுநருக்கு நஷ்டம். இரண்டாவதை யாரும் பேசுவதில்லை. மீட்டர் போட்டு நேர்மையாக ஓட்டுகிறவர்கள் இந்த இழப்பைத் தெரியாமலேயே சுமக்கிறார்கள்.

அடுத்து உங்கள் ஃபோன். கிளம்பும் முன் வரைபடம் காட்டும் தூரம் அது தேர்ந்தெடுத்த பாதையின் தூரம். ஆட்டோ போன பாதை அதுவே என்பதற்கு உறுதி இல்லை. நடுத்தடுப்பு உள்ள சாலையில் யு டர்ன் ஓர் இடம் தள்ளிப் போனாலே 300, 400 மீட்டர் கூடிவிடும். பயணத்தை ஃபோனில் பதிவு செய்திருந்தால் அது மேல், ஆனால் அதிலும் பிழை உண்டு. திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியமாக இருக்கும் ஜிபிஎஸ், உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் தடுமாறும். சில நொடிக்கு ஒரு புள்ளி என்று பதிந்து அவற்றை நேர்கோட்டால் இணைப்பதால் வளைவுகளில் தூரம் குறையும். சிக்னலில் நிற்கும்போது புள்ளி அங்குமிங்கும் ஆடுவதால் தூரம் கூடவும் செய்யும். போதாக்குறைக்கு மீட்டர் 100 மீட்டருக்கு ஒரு முறைதான் எண்ணை மாற்றும் என்றால் அதிலேயே 100 மீட்டர் வரை இழுபறி இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் சவாரியில் அது 10 சதவீதம், 8 கிலோமீட்டரில் ஒன்றேகால் சதவீதம். குறுஞ்சவாரியை வைத்து மீட்டரைச் சோதிக்கவே கூடாது என்பது இதனால்தான்.

உங்கள் 8.1-க்கும் 7.6-க்கும் இடையே இருப்பது ஏறக்குறைய ஆறரை சதவீதம். தேய்ந்த டயர் இரண்டரை, காற்றும் பாரமும் ஒன்று, எண் மாறும் இழுபறி ஒன்று, மீதி ஃபோன் என்று சூடே இல்லாமல் அது சேர்ந்துவிடலாம். சூடு என்றால் வித்தியாசம் இப்படித் தயங்கித் தயங்கி வராது. மேலே சொன்ன 3,104 என்ற எண்ணை ஒருவர் 2,800 என்று மாற்றிவிட்டால் 902 மீட்டர் ஓடியதுமே மீட்டர் ஒரு கிலோமீட்டர் என்று சொல்லும். அதாவது எப்போதும், எந்தப் பாதையிலும், கிட்டத்தட்ட 11 சதவீதம் கூடுதல். கொடி மீட்டர் காலத்தில் உள்ளே ஒரு பற்சக்கரத்தை மாற்றி இதையே செய்தார்கள். இன்னொரு வகை, சென்சார் கம்பியில் ஒரு சின்ன சர்க்யூட்டை ஒட்டி, மறைவான பொத்தானை அழுத்தும்போது மட்டும் பொய்த் துடிப்புகளை ஏற்றுவது. அதன் அடையாளம் வேறு: சீராக ஏறாமல் சில இடங்களில் மட்டும் தாவும், வண்டி நிற்கும்போதுகூட கிலோமீட்டர் நகரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிற்கிற வண்டியில் தூரம் ஏறினால் அது கண்டிப்பாகப் பழுது, ஆனால் கண்டிப்பாக மோசடி அல்ல. பெட்ரோல், எல்பிஜி, சிஎன்ஜி இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி விடும்போதெல்லாம் சுற்றிலும் மின் இரைச்சல் கிளம்பும். சென்சார் கம்பி கவசம் இல்லாத சாதாரணக் கம்பியாக இருந்து, பிளக் கம்பிக்குப் பக்கத்திலேயே ஓடினால், எர்த்தும் தளர்ந்திருந்தால், அந்த இரைச்சலை மீட்டர் துடிப்பு என்று எண்ணிக்கொள்ளும். நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை முறுக்கினால் தூரம் ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கவசக் கம்பி போட்டு, பிளக் கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓட்டி, எர்த்தை இறுக்கி, ரெசிஸ்டர் வைத்த பிளக் மூடி போட்டால் சரியாகும். பயணிக்கு இரண்டிலும் நஷ்டம் ஒன்றுதான். ஆனால் ஒன்று குற்றம், மற்றது மெக்கானிக் வேலை. வண்டியைச் சோதித்துப் பார்க்காமல் இரண்டையும் வேறுபடுத்த வழியில்லை, பின்சீட்டிலிருந்து நிச்சயமாக முடியாது.

நேரக் கணக்கில் சந்தேகம் வேண்டாம். காத்திருப்பை எண்ணுவது கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் படிகம். ஒரு நாளைக்குச் சில நொடிக்கு மேல் தானாகப் பிசகாது. வண்டி நிற்கும்போது காத்திருப்புத் தொகை ஒரு முறை ஏறியதிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் எண்ணுங்கள். அடுத்த தொகை அதற்கு முன்பே ஏறினால் அது தேய்மானம் அல்ல, யாரோ பதிந்த எண்.

முத்திரைக்கு வருவோம். கட்டணத்தை நிர்ணயிப்பது ஓர் அரசுக் கை, மீட்டரைச் சரிபார்ப்பது இன்னொரு கை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 67-ஆம் பிரிவின் கீழ் மாநில அரசு கட்டணத்தை முடிவு செய்கிறது, அது போக்குவரத்துத் துறையின் பக்கம். மீட்டரோ தராசு, படி, பெட்ரோல் பங்க் இயந்திரம் போல ஓர் அளவைக் கருவி. அதனால் அது சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன் கீழ் வருகிறது. தமிழ்நாட்டில் அதைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. 12 மாதத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை வேண்டும். மீட்டரைப் பழுதுபார்க்க அல்லது கட்டண எண்ணை மாற்ற முத்திரையை அறுத்தால், ஓட்டுவதற்கு முன் மறுபடி முத்திரை வாங்க வேண்டும். பழுதுபார்க்கிறவருக்கும் உரிமம் இருக்க வேண்டும்.

சோதனை இரண்டு கட்டம். மீட்டரை மேசையில் வைத்து, தெரிந்த எண்ணிக்கையில் துடிப்பு கொடுத்து, தூரமும் தொகையும் சரியாக வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. வண்டியில் பொருத்தி, அளந்து குறித்த சாலையில் ஓட்டிப் பார்ப்பது மற்றொன்று. முதலாவது மீட்டரைச் சோதிக்கிறது, இரண்டாவது டயரையும் சேர்த்துச் சோதிக்கிறது. இந்த வேறுபாட்டை உலகெங்கும் மதிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதியில் தனி மீட்டருக்குத் தூரத்தில் அனுமதிக்கப்பட்ட பிழை 0.2 சதவீதம்தான். அளவைக் கருவிகளுக்கான அமெரிக்கக் கையேட்டில் வண்டியில் ஓடும் மீட்டர் கூடுதலாகக் காட்ட 1 சதவீதம்தான் இடம், குறைவாகக் காட்ட 4 சதவீதம் வரை விடுகிறார்கள். பயணியின் பணம் கூடுதலாகப் போகக் கூடாது என்பதில்தான் கண்டிப்பு. என் பார்வையில் அதுதான் நியாயமான முறை. டயரின் தேய்மானத்தைப் பொறுத்தவரை, புது டயரில் மீட்டரைக் கொஞ்சம் குறைவாகக் காட்டும்படி வைத்தால்தான் வருடக் கடைசியில் தேய்ந்த டயரில் அது வரம்புக்குள் நிற்கும்.

ஆகவே முத்திரை சொல்வது ஒன்றுதான்: இந்த மீட்டர், இந்த வண்டியில், அன்றைக்கு இருந்த டயரோடு, சரியாகக் காட்டியது. ஈய வில்லையை உற்றுப் பாருங்கள். ஆய்வாளரின் அடையாள எண்ணும், ஆண்டும், காலாண்டுக்கான ஓர் எழுத்தும் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை ஏ, அடுத்தடுத்த மூன்று மாதங்களுக்கு பி, சி, டி. அந்தக் காலாண்டிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் முத்திரை அறுபடாமல் இருந்தும் பயனில்லை. வில்லை மட்டும் போதாது, அதிலிருந்து போகும் கம்பியும் முக்கியம். மீட்டர் பெட்டியைத் திறக்க முடியாதபடியும், சென்சார் இணைப்பைக் கழற்ற முடியாதபடியும் அது கோத்திருக்க வேண்டும். பெட்டிக்கு மட்டும் முத்திரை போட்டு சென்சார் முனையைத் திறந்து விட்டிருந்தால் பொய்த் துடிப்பு ஏற்றுவதற்குப் பெட்டியைத் தொடவே வேண்டாம். முத்திரை இருந்தும் எப்படி என்று கேட்டீர்களே, இது ஒரு வழி.

சூடு எதுவுமே தேவைப்படாத ஏமாற்று ஒன்று இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். பகலில் இரவுக் கட்டணத்தைப் போட்டுவிடுவது. 2013 கட்டணத்தின்படி ஓடும் மீட்டரில், போட்டதும் 25-க்குப் பதில் 37 ரூபாய் 50 காசு நின்றால் அதுதான். ஏறி உட்கார்ந்த அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடும், தூரம் அளக்க வேண்டியதில்லை.

மீட்டரைச் சோதிக்க நல்ல வழி, குறைந்தது 5 கிலோமீட்டர், தடங்கல் இல்லாத சாலை, தொடக்கமும் முடிவும் தெளிவான அடையாளம். தேசிய நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லும் இடையில் 200 மீட்டர் கற்களும் நட்டிருப்பார்கள். ஒரு கல்லில் மீட்டர் எண் மாறும் கணத்தைக் குறித்து, ஐந்து கல் தாண்டி மறுபடி குறித்தால் ஃபோனே வேண்டாம். நகரத்துக்குள் என்றால் ஒரே பாதையில் இரண்டு, மூன்று வெவ்வேறு ஆட்டோவில் போய் ஒப்பிடுவது ஃபோனோடு ஒப்பிடுவதைவிட மேல். மூன்று வண்டியில் 7.6, 7.7, 7.8 வந்து ஒன்றில் மட்டும் 8.6 வந்தால் பேச்சே இல்லை. 3 சதவீதத்துக்குள் இருந்தால் டயர் என்று விட்டுவிடலாம். 10 சதவீதத்தைத் தாண்டினால் தேய்மானத்தால் அவ்வளவு வராது. நடுவில் இருப்பதுதான் சங்கடம், உங்களுடையதும் அதில்தான் இருக்கிறது.

ஓட்டுநர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. முத்திரைக்குப் போகும் முன் டயரில் கம்பெனி சொன்ன அளவு காற்று அடித்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஓட்டுநர் அமர்ந்து, பின்னால் ஒரு ஆளும் உட்கார்ந்த நிலையில் சக்கரம் சரியாக 10 சுற்று உருளும்வரை வண்டியைத் தள்ளி, தரையில் டேப் வைத்து அளந்து பத்தால் வகுத்தால் உண்மையான சுற்றளவு கிடைக்கும். அந்த எண்ணை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பக்கத்து வண்டிக்குப் போட்ட எண்ணை உங்கள் வண்டிக்கும் போட விடாதீர்கள். 4.00-8 டயர் வண்டியின் மீட்டரை 4.50-10 டயர் வண்டிக்கு மாற்றினால் எண்ணையும் மாற்றி மறுமுத்திரை வாங்கியே ஆக வேண்டும்.

இவ்வளவு பேசியும், மீட்டரே போடாமல் போகும் ஆட்டோக்களைப் பற்றிப் பேசாவிட்டால் பதில் முழுமையாகாது, ஏனென்றால் அங்கே காரணம் கருவியில் இல்லை, கட்டணத்தில் இருக்கிறது. டாக்ஸி மீட்டர் என்ற கருவியின் உயிர்நாடி ஒன்று உண்டு. வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால் தூரத்துக்குக் காசு, அதற்குக் கீழே ஊர்ந்தால் நேரத்துக்குக் காசு. அந்த எல்லை வேகம், மணிக்கான காத்திருப்புத் தொகையைக் கிலோமீட்டர் தொகையால் வகுத்தால் வரும். நியூயார்க்கில் மைலில் ஐந்தில் ஒரு பங்குக்கு 70 சென்ட், அல்லது ஊர்ந்தால் நிமிடத்துக்கு 70 சென்ட். எல்லை மணிக்கு 12 மைல், அதாவது 19 கிலோமீட்டர். நெரிசலில் மாட்டிக்கொண்டாலும் ஓட்டுநரின் நேரத்துக்கு விலை உண்டு. சென்னையின் 2013 கட்டணத்தில் காத்திருப்பு மணிக்கு 42 ரூபாய், கிலோமீட்டருக்கு 12. வகுத்தால் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர். நடந்து போகிறவரே அதைவிட வேகமாகப் போவார். மணிக்கு 6 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஆட்டோ ஒரு மணி நேரத்தில் 72 ரூபாய்தான் மீட்டரில் காட்டும், அதிலிருந்து எரிபொருளும் போக வேண்டும். மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலைக்கு மீட்டர் போட மறுப்பவரின் செயல் சட்டப்படி தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் கணக்கு தவறல்ல.

இந்தக் கட்டணம் பத்து ஆண்டுக்கு மேல் திருத்தப்படாமலே கிடந்தது. 2025 பிப்ரவரி 1 முதல் ஆட்டோ சங்கங்கள் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று தாங்களாகவே அறிவித்தன. அதே நாளில் மும்பையில் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆட்டோ கட்டணம் ஒன்றரை கிலோமீட்டருக்கு 26 ரூபாயாக உயர்ந்தது. பெங்களூரில் 2025 ஆகஸ்ட் 1 முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய். கட்டணம் மாறும் ஒவ்வொரு முறையும் ஊரிலுள்ள எல்லா மீட்டரையும் திறந்து, எண் மாற்றி, மறுமுத்திரை போட வேண்டும். 2013-இல் சென்னையில் அதுவரை கட்டண அட்டையைக் கையில் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள், அக்டோபர் 15 வரை கெடு வைத்தார்கள். அந்த மொத்த வேலையையும் ஒரு முறை செய்துவிட்டு, பிறகு விலைவாசி போன போக்கில் கட்டணத்தை விட்டுவிட்டால், துல்லியமான மீட்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் சும்மா தொங்குகிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

புகாரைப் பற்றி. மீட்டர் போட மறுத்தல், கூடுதல் கேட்டல், பகலில் இரவுக் கட்டணம் ஆகியவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் போக வேண்டியவை. மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது, முத்திரை காலாவதியாகிவிட்டது, கம்பி அறுந்திருக்கிறது என்றால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதுங்கள். இடம் மாறிக் கொடுத்தால் கோப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். செயலியில் பதிவு செய்த சவாரி என்றால் அதன் தூரக் கணக்குக்கு இந்த மீட்டர் முத்திரை பொருந்தாது, அந்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். புகாரில் சூடு வைத்த மீட்டர் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். வண்டி எண், தேதி, ஏறிய இடமும் நேரமும், இறங்கிய இடமும் நேரமும், மீட்டர் காட்டிய தூரமும் தொகையும், அதே பாதையில் இன்னொரு வண்டி காட்டிய தூரம், வில்லையில் இருந்த எழுத்தும் ஆண்டும் ஆகியவற்றை எழுதி, முத்திரையின் படம் ஒன்றை வைத்து, மீட்டரை மறுசோதனை செய்யக் கேளுங்கள். உங்களிடம் இப்போது இருப்பது ஒரே ஓர் அளவு. அதே பாதையில் இன்னொரு முறை, வேறு ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.